வாசலில் இருந்து மேடைக்கு: ஷெனாய் மேதை பிஸ்மில்லா கான்

பழைய தமிழ்ப் படங்கள் பார்த்துப் பழகியவர்களுக்கு ஷெனாய் என்றாலே சோகம்தான். கதாநாயகியின் அப்பா கட்டிலில் படுத்திருப்பார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே தலையை ஆட்டுவார். உடனே பின்னணியில் ஷெனாய் அழ ஆரம்பித்துவிடும்! ஆனால் வட இந்தியாவில் கதை நேர் எதிர். அங்கே ஷெனாய் கல்யாண வாத்தியம். மாப்பிள்ளை ஊர்வலம் வாசலுக்கு வந்துவிட்டது என்பதை ஊருக்குச் சொல்லும் வாத்தியம். நம் ஊரில் நாதஸ்வரத்துக்கு என்ன இடமோ, ஏறக்குறைய அதே இடம்.

இந்தக் கல்யாண வாத்தியத்தைக் கச்சேரி மேடையின் நடுவில் கொண்டுபோய் வைத்தவர் உஸ்தாத் பிஸ்மில்லா கான். நாட்டின் மிக உயர்ந்த விருதான பாரத ரத்னாவை 2001ல் பெற்றவர். எம்.எஸ். சுப்புலட்சுமி (1998), ரவிசங்கர் (1999) ஆகியோருக்கு அடுத்து அந்த விருதைப் பெற்ற மூன்றாவது சாஸ்திரீய இசைக்கலைஞர் இவர்.

இவருடைய வாழ்க்கையை ஒரு மேதையின் வெற்றிக் கதையாகப் பல இடங்களில் படித்திருப்போம். அதனுடன் ஒரு தொழிலின் கதையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாசலில் உட்கார்ந்து வாசித்த ஒரு பெரிய கூட்டத்தில் இருந்து ஒருவர் எழுந்து மேடைக்குப் போனார். அவர் எப்படிப் போனார், அவர் போன பிறகு அந்த வாசல் என்ன ஆயிற்று? இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

வாசலில் உட்கார்ந்த வாத்தியம்

ஷெனாய் பார்ப்பதற்குச் சின்ன நாதஸ்வரம் போல இருக்கும். ஒன்று முதல் ஒன்றரை அடி நீளமுள்ள மரக்குழல். கீழ்முனையில் உலோகத்தால் ஆன அணசு. மேல்முனையில் சீவாளி. நாதஸ்வரத்துக்கு ஒத்து பிடிப்பது போல, இங்கேயும் பக்கத்தில் ஒருவர் இன்னொரு ஷெனாயில் சுருதி மட்டும் பிடித்துக்கொண்டிருப்பார். தாளத்துக்குக் 'குர்தக்' என்ற சிறிய இரட்டை மத்தளம்.

பெயருக்கு ஒரு விளக்கம் உண்டு. பாரசீகத்தில் 'ஷா' என்றால் அரசன், 'நை' என்றால் குழல். அரசனின் குழல். பெயர்தான் அரசனுடையது. உட்கார்ந்த இடம் என்னவோ வாசல்!

முகலாயர் கோட்டைகளில் வாசலுக்கு மேலே 'நௌபத்கானா' என்று ஒரு மாடம் இருக்கும். முரசு, கொம்பு, குழல் எல்லாம் அங்கே இருந்துதான் ஒலிக்கும். அக்பரின் அரண்மனையில் இந்த இசைக்கூடம் எப்படி இருந்தது, என்னென்ன வாத்தியங்கள் இருந்தன என்பதை அபுல் ஃபசல் தன் 'அயினி அக்பரி'யில் எழுதி வைத்திருக்கிறார். டில்லி செங்கோட்டையில் ஷாஜகான் கட்டிய நௌபத்கானா இன்றும் நிற்கிறது. அங்கே நாளைக்கு ஐந்து வேளை இசை முழங்கியது. வருகிறவர்கள் யானையில் வந்தாலும் அந்த வாசலில் இறங்கித்தான் உள்ளே நடக்க வேண்டும்.

கோயில்களிலும் இதே ஏற்பாடுதான். காலையில் சன்னிதி திறக்கும்போது வாசல் மாடத்தில் ஷெனாய் ஒலிக்கும்.

ஆக, இந்த வாத்தியத்துக்கு மரியாதை இருந்தது. ஆனால் அந்த மரியாதை வாசலோடு நின்றது. உள்ளே சபையில் உட்கார்ந்து பாடுகிறவர்கள் வேறு. வீணை, சாரங்கி, சரோத் எல்லாம் உள்ளே. ஷெனாய் வெளியே. விருந்தாளிகள் வாசலைக் கடந்து போகும்போது காதில் விழுகிற ஒலி அது. உட்கார்ந்து ஆழ்ந்து கேட்கிற இசை என்று அதை யாரும் நினைக்கவில்லை.

வாசிப்பவர்களுக்கும் அதே நிலைமைதான். பரம்பரை பரம்பரையாக இதையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள். முகூர்த்த மாதங்களில் கையில் காசு புரளும். மற்ற மாதங்களில் கோயிலோ ஜமீனோ கொடுக்கும் படிதான். ஒரு புரவலரை நம்பி ஒரு குடும்பமே இருக்கும். அந்தப் புரவலர் கைவிட்டால்?

டும்ராவில் பிறந்த குழந்தை

பீகாரில் பக்ஸருக்குப் பக்கத்தில் டும்ராவ் என்று ஓர் ஊர். ஜமீன் ஊர். அந்த ஜமீனில் ஷெனாய் வாசித்துக்கொண்டிருந்தவர் பைகம்பர் பக்‌ஷ் கான். 1916 மார்ச் 21ஆம் தேதி அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அண்ணன் பெயர் ஷம்சுதீன் என்பதால் எதுகைக்குத் தம்பிக்குக் கமருதீன் என்று பெயர் வைத்தார்கள். ஷம்ஸ் என்றால் சூரியன், கமர் என்றால் சந்திரன். ஆனால் குழந்தையைப் பார்த்ததும் தாத்தா 'பிஸ்மில்லா' என்றாராம். 'இறைவனின் பெயரால்' என்று பொருள். அந்தச் சொல்லே பெயராக நிலைத்துவிட்டது.

டும்ராவுக்கும் ஷெனாய்க்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. சீவாளி செய்யப் பயன்படும் ஒரு வகை நாணல் புல் அந்தப் பக்கத்தில் சோன் நதிக்கரையில் வளர்கிறது. ஷெனாய் நாதத்தின் மூலப்பொருளும், அதை உலகம் முழுக்கக் கேட்க வைத்த மனிதரும் ஒரே மண்ணில் இருந்து வந்திருக்கிறார்கள்!

காசியில் சாதகம்

ஏறக்குறைய ஆறு வயதில் சிறுவன் தாய்மாமா வீட்டுக்குக் காசிக்கு வந்தான். மாமா அலி பக்‌ஷ் கான். 'விலாயத்து' என்று அழைப்பார்கள். காசி விசுவநாதர் கோயிலில் ஷெனாய் வாசித்தவர். முஸ்லிம் ஒருவர் சிவன் கோயிலில் பரம்பரையாக வாசிப்பது அன்றைய காசியில் ஆச்சரியமான விஷயமே கிடையாது. அது அவர்கள் தொழில், அவ்வளவுதான்.

மருமகனுக்குக் குருவும் மாமாதான். கங்கைக் கரையில் பஞ்சகங்கா படித்துறையில் உள்ள பாலாஜி கோயில்தான் சாதகம் செய்யும் இடம். விடியற்காலையில் ஆரம்பித்தால் மணிக்கணக்கில் வாசிப்பு. எதிரே கங்கை, பின்னால் கோயில். ஆட்கள் வராத நேரம்.

அந்தக் கோயிலுக்குப் போக இரண்டு வழிகள் இருந்தனவாம். சிறுவன் வேண்டுமென்றே ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தான். காரணம், அந்த வழியில்தான் ரசூலன் பாய், பதூலன் பாய் என்ற பாடகிகளின் வீடு இருந்தது. உள்ளே இருந்து தும்ரி, தாத்ரா, டப்பா என்று ஏதாவது ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும். இசையில் தனக்கு ஆசை பிறந்ததே அந்தத் தெருவில்தான் என்று பின்னாளில் அவரே பல முறை சொல்லியிருக்கிறார்.

இதைச் சாதாரணத் தகவல் என்று கடந்துவிட முடியாது. அந்தக் காலத்தில் 'பாய்' என்று முடியும் பெயருள்ள பாடகிகளின் இசையை ரசித்தவர்கள் உண்டு. அவர்களிடம் கற்றுக்கொண்டேன் என்று வெளியே சொன்னவர்கள் குறைவு. பிஸ்மில்லா கான் மறைக்கவில்லை. மாமாவிடம் விரல் வித்தையைக் கற்றார். பாடுவது போல வாசிக்கும் வித்தையைத் தெருவில் கேட்டுக் கற்றார் எனலாம்.

கல்கத்தா, 1937

14 வயதிலேயே மாமாவுடன் அலகாபாத் இசை மாநாட்டுக்குப் போனார். ஆனால் திருப்புமுனை என்றால் 1937ல் கல்கத்தாவில் நடந்த அகில இந்திய இசை மாநாடுதான். அப்போது அவருக்கு 21 வயது. பெரிய பாடகர்களும் வாத்தியக்காரர்களும் கூடும் மேடையில் ஷெனாய் தனிக் கச்சேரி வாத்தியமாக ஒலித்தது. வாசலில் இருந்த வாத்தியம் மேடை ஏறிய நாள் என்று வரலாறு எழுதுபவர்கள் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

அவர் அப்படி என்ன செய்தார்?

ஷெனாயில் துளைகளை விரல் நுனியால் மூடித் திறக்க வேண்டும். ஒரு சுரத்தில் இருந்து அடுத்த சுரத்துக்குக் குதிப்பது எளிது. வழுக்கிக்கொண்டு போவதுதான் கஷ்டம். இந்துஸ்தானி இசையின் உயிரே அந்த வழுக்கலில் இருக்கிறது. அதற்கு 'மீண்ட்' என்று பெயர். துளையைப் பாதி மூடி, கால்வாசி மூடி, உதட்டில் சீவாளியின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, மூச்சைக் கட்டுப்படுத்தி... இத்தனையும் சேர்ந்தால்தான் மனிதக் குரல் போல ஒலி இழையும். பிஸ்மில்லா கான் இதைச் செய்தார். ராகத்தை அவசரப்படாமல் மெல்ல மெல்ல விரித்தார். அதே கச்சேரியில் கஜ்ரி, சைத்தி போன்ற கிராமத்து மெட்டுகளையும் வாசித்தார். காசியின் தெருவும் காசியின் சபையும் ஒரே குழலில் வந்தன.

1938ல் லக்னோவில் அகில இந்திய வானொலி நிலையம் திறக்கப்பட்டது. அங்கே அவருக்கு வாய்ப்பு கிடைத்தது. இது கல்கத்தா மேடைக்குச் சற்றும் குறையாத பெரிய விஷயம். வானொலியில் வாசலும் கிடையாது, உள் சபையும் கிடையாது. மைக்கின் முன்னால் எல்லா வாத்தியமும் ஒன்றுதான். யாருடைய கல்யாணமும் நடக்காத நேரத்தில், ஷெனாயை ஷெனாய்க்காகவே மக்கள் கேட்டார்கள்.

மற்ற குழல்களும் எழுந்த காலம்

அதே காலகட்டத்தில் வேறு இரண்டு குழல்களும் இதே பாதையில் நடந்தன என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

ஒன்று புல்லாங்குழல். கிருஷ்ணன் கையில் இருந்தாலும் வடக்கே அது பெரிய கச்சேரி வாத்தியமாக இருந்ததில்லை. மேய்ப்பர்களின் குழல், நாட்டுப்புறப் பாடல்களின் குழல் என்றுதான் பெயர். பாரிசாலில் 1911ல் பிறந்த பன்னாலால் கோஷ் அதை மாற்றினார். சிறிய குழலில் ராகத்தின் கனம் வராது என்று கண்டு, 32 அங்குல நீளத்தில் ஏழு துளைகள் கொண்ட பெரிய மூங்கில் குழலை உருவாக்கினார். 1960ல், 48 வயதிலேயே அவர் காலமாகிவிட்டார். ஆனால் இன்று வடக்கே கச்சேரியில் நாம் பார்க்கும் நீண்ட புல்லாங்குழல் அவர் காட்டிய வழியில் வந்ததுதான்.

இன்னொன்று நம் நாதஸ்வரம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) உச்ச சுருதியில் ஒலிக்கும் திமிரி நாதஸ்வரத்தில் இருந்து, நீளமான, சுருதி குறைந்த பாரி நாதஸ்வரத்துக்கு மாறினார். ஊர்வலத்தில் நின்றபடி வாசித்தவர்களுக்கு மேடையில் உட்கார்ந்து வாசிக்கும் கௌரவத்தைக் கேட்டு வாங்கினார்.

பன்னாலால் கோஷும் ராஜரத்தினம் பிள்ளையும் வாத்தியத்தின் உருவத்தையே மாற்றினார்கள். பிஸ்மில்லா கானின் பெயரோடு அப்படி ஒரு புது உருவம் ஒட்டவில்லை. பழைய ஷெனாயையே மேடைக்குப் பேச வைத்ததுதான் அவர் சாதனை.

ஜமீன் போனது, சர்க்கார் வந்தது

1947ல் சுதந்திரம் வந்தது. ஆகஸ்டில் டில்லி செங்கோட்டையில் ஷெனாய் வாசிக்க பிஸ்மில்லா கான் அழைக்கப்பட்டார். 1950 ஜனவரி 26, முதல் குடியரசு தினத்திலும் அதே செங்கோட்டை. அன்று அவர் வாசித்தது காஃபி ராகம். நம் கரகரப்ரியாவின் சுரங்களை ஒட்டிய ராகம் அது.

ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்தால் இதன் அழகு புரியும். ஷாஜகானின் நௌபத்கானா இருக்கும் கோட்டை அது. 1857க்குப் பிறகு முகலாய ஆட்சி முடிந்தது, அந்த வாசல் மாடத்தின் இசையும் நின்றுபோனது. 90 வருடங்களுக்குப் பிறகு அதே கோட்டையில் மறுபடியும் குழல் ஒலிக்கிறது. இந்த முறை பாதுஷாவுக்காக இல்லை. வாசித்தவரும் வாசல் மாடத்தில் ஒளிந்திருக்கும் பெயர் தெரியாத ஒருவர் இல்லை. ஒரு நாடு முழுக்கப் பெயர் தெரிந்தவர்.

அதன் பிறகு சுதந்திர தினம் என்றால் பிஸ்மில்லா கானின் ஷெனாய் என்பது வழக்கமாகிவிட்டது. பிரதமரின் செங்கோட்டை உரைக்குப் பிறகு தூர்தர்ஷனில் அவர் வாசிப்பு வருவதைப் பார்த்தே ஒரு தலைமுறை வளர்ந்தது. வடக்கே பல வானொலி நிலையங்களில் காலை ஒலிபரப்பின் மங்கள இசை அவருடைய ஷெனாய்தான். நம் பக்கத்து நிலையங்களில் அந்த இடத்தில் நாதஸ்வரம் ஒலித்தது.

இதே வருடங்களில் இன்னொன்றும் நடந்தது. 1950ல் பீகாரில் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்து ஜமீன் முறையை முடிவுக்குக் கொண்டுவந்தது. உத்தரப் பிரதேசத்திலும் அப்படியே. விவசாயிகளுக்கு இது பெரிய விடுதலை. ஜமீன்கள் ஒழிந்தது நியாயம்தான், அதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. ஆனால் ஜமீன் வருமானத்தில் ஒரு சிறு பங்கு வாத்தியக்காரர் வீட்டு அடுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த வரவு நின்றது. பிஸ்மில்லா கானின் அப்பா வாசித்த டும்ராவ் ஜமீனும் இதில் அடக்கம்.

பழைய புரவலர் இடத்தில் புதிதாக வந்தவை வானொலி, அரசு விழா, இசை மாநாடு, ரிக்கார்டு கம்பெனி. இவை பெரிய புரவலர்கள்தான். ஆனால் ஜமீனைப் போல ஊருக்கு ஒரு வாத்தியக்காரரைக் காப்பாற்றுபவை அல்ல. நாட்டுக்கு ஒரு சிலரை மட்டும் உயரத் தூக்கிவிடுபவை. அப்படித் தூக்கிவிடப்பட்டவர்களில் முதல் வரிசையில் இருந்தவர் பிஸ்மில்லா கான். தகுதி இல்லாமல் கிடைத்த இடம் இல்லை அது. ஆனாலும் வாசலில் இருந்த மற்றவர்களுக்கு அங்கே இடம் இருக்கவில்லை.

1958ல் சத்யஜித் ராய் எடுத்த 'ஜல்சாகர்' படம் இந்த மாற்றத்தைத்தான் சொல்கிறது. சொத்தெல்லாம் கரைந்த நிலையிலும் வீட்டில் இசைக் கச்சேரி நடத்தியே தீருவேன் என்று அடம்பிடிக்கும் ஒரு ஜமீன்தாரின் கதை. அந்தப் படத்தில் பிஸ்மில்லா கானும் வாசிக்கிறார்!

அடுத்த வருடமே, 1959ல், 'கூஞ்ச் உட்டீ ஷெனாய்' என்ற இந்திப் படம் வந்தது. ராஜேந்திர குமார் ஷெனாய்க் கலைஞராக நடித்தார். இசை வசந்த் தேசாய், ஷெனாய் பிஸ்மில்லா கான். 1977ல் கன்னடத்தில் ராஜ்குமார் நடித்த 'சனாதி அப்பண்ணா'வுக்கும் அவர் வாசித்தார். இத்தனை வரவேற்பு கிடைத்தும் சினிமாவை அவர் தன் தொழிலாக்கிக்கொள்ளவில்லை. வயலின் வி.ஜி. ஜோக், சிதார் விலாயத் கான் ஆகியோருடன் அவர் செய்த ஜுகல்பந்திகள்தான் இசை ரசிகர்கள் இன்றும் தேடிக் கேட்பவை.

முஹர்ரம் எட்டாம் நாள்

பிஸ்மில்லா கான் ஷியா முஸ்லிம். ஐந்து வேளை தொழுகை தவறாதவர். அவர்தான் பாலாஜி கோயிலில் சாதகம் செய்தவர். காசிக்கு வெளியே எங்கே கச்சேரி இருந்தாலும், விசுவநாதர் கோயிலும் பாலாஜி கோயிலும் இருக்கும் திசையைப் பார்த்து உட்கார்ந்து சிறிது நேரம் வாசிப்பது அவர் பழக்கம். கலைமகளிடமும் அவருக்குப் பக்தி இருந்தது.

அதே மனிதர் முஹர்ரம் வந்தால் ஆளே மாறிவிடுவார். அந்தப் பத்து நாட்களும் குடும்பத்தில் யாரும் கச்சேரி செய்யமாட்டார்கள். எட்டாம் நாள் மட்டும் அவர் ஷெனாயை எடுப்பார். ராகம் வாசிப்பதற்காக இல்லை. கர்பலாவில் உயிர் நீத்த இமாம் ஹுசைனை நினைத்துப் பாடப்படும் 'நௌஹா' என்ற ஒப்பாரியை வாசிக்க. தால்மண்டியில் இருந்து ஃபாத்மான் வரை சுமார் எட்டு கிலோமீட்டர் தூரம் நடந்துகொண்டே வாசிப்பார். கண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும்.

ஆக, பெரிய மேடைகளில் உட்கார்ந்து வாசித்தவர், வருடத்தில் ஒரு நாள் மறுபடியும் தெருவில் நடந்து வாசிக்கும் பழைய வாத்தியக்காரராக மாறினார். வடக்கே கல்யாணத்துக்கு உரிய அந்தக் குழல், அன்றைக்கு அழுதது.

இசை கூடாது என்று சொல்லும் மார்க்க அறிஞர்கள் உண்டு. கோயிலில் வாசிக்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு. இவற்றுக்கெல்லாம் அவர் பெரிய விவாதம் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. சுரம்தான் தன் தொழுகை என்பதே அவர் பேட்டிகளில் திரும்பத் திரும்ப வரும் கருத்து.

கங்கையை விட்டுப் போகாதவர்

விருதுகளுக்குக் குறைவில்லை. 1956ல் சங்கீத நாடக அகாதமி விருது. 1961ல் பத்மஸ்ரீ, 1968ல் பத்மபூஷண், 1980ல் பத்மவிபூஷண். கடைசியாக 2001ல், லதா மங்கேஷ்கருடன் சேர்த்து, பாரத ரத்னா. நான்கு குடிமை விருதுகளையும் பெற்றவர்கள் நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

வாழ்க்கை மட்டும் மாறவில்லை. காசியில் ஒரு நெரிசலான சந்தில் பழைய வீடு. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உறவினர்கள், கூட வாசிப்பவர்கள் என்று பெரிய கூட்டுக் குடும்பம். அத்தனை பேருக்கும் சோறு போட்டது அவர் ஷெனாய். வெளியே போக வேண்டுமென்றால் சைக்கிள் ரிக்‌ஷா. மனைவி இறந்த பிறகு ஷெனாயையே தன் பேகம் என்று சொல்லிக்கொள்வாராம்.

அவரைப் பற்றி இரண்டு கதைகள் அடிக்கடி சொல்லப்படும். ஒன்று, அமெரிக்காவிலேயே தங்கிவிடுங்கள், காசியைப் போன்ற சூழலையே இங்கே அமைத்துத் தருகிறோம் என்று ஒருவர் கேட்டாராம். அதெல்லாம் சரி, என் கங்கையை எப்படிக் கொண்டுவருவீர்கள் என்று இவர் திருப்பிக் கேட்டாராம். இரண்டாவது, பாரத ரத்னா வாங்கிய பிறகும் கிழிந்த லுங்கியோடு உட்கார்ந்திருக்கிறீர்களே என்று சிஷ்யை ஒருத்தி செல்லமாகக் கண்டித்தாளாம். லுங்கி கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம், சுரம் கிழியாமல் இருந்தால் போதும் என்று பதில் வந்ததாம்.

கேட்கச் சுகமான கதைகள். ஆனால் எளிமை என்று நாம் புகழ்வதில் ஒரு பங்கு நெருக்கடியும் இருந்தது. கடைசி வருடங்களில் அவருடைய பணக் கஷ்டம் பற்றிய செய்திகள் பத்திரிகைகளில் வந்தன. பாரத ரத்னாவோடு பட்டயமும் பதக்கமும் கிடைக்கும். பணமுடிப்பு கிடையாது. ஓய்வூதியம் இல்லாத தொழிலில், எண்பது வயதுக்கு மேலும் வாசித்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும் என்ற நிலையில் ஒரு கலைஞர் இருந்தார் என்றால் அதை எளிமை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியுமா?

டில்லி இந்தியா கேட்டில், நாட்டுக்காக உயிர் நீத்த வீரர்களின் நினைவிடத்தில் ஒரு முறை வாசிக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அது நிறைவேறவில்லை. 2006 ஆகஸ்டு 21ஆம் தேதி காசியில் 90ஆவது வயதில் காலமானார். மத்திய அரசு ஒரு நாள் தேசிய துக்கம் அறிவித்தது. 21 குண்டுகள் முழங்க அரசு மரியாதை. முஹர்ரம் எட்டாம் நாள் நௌஹா வாசித்துக்கொண்டு நடந்து போய்ச் சேருவாரே, அதே ஃபாத்மானில் ஒரு வேப்பமரத்தடியில் அடக்கம் செய்தார்கள். கூடவே ஒரு ஷெனாயையும் வைத்தார்கள்.

பிறகு?

2016 டிசம்பரில் குடும்பத்தாரின் வீட்டில் இருந்து அவருடைய ஷெனாய்கள் திருடு போயின. அவற்றில் வெள்ளியில் செய்து அவருக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டவையும் இருந்தன. அடுத்த மாதம் போலீஸ் கண்டுபிடித்தபோது கிடைத்தது ஷெனாய் இல்லை, உருக்கிய வெள்ளி. 17,000 ரூபாய்க்கு விற்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. வாங்கியவர் எடை போட்டு வெள்ளிக்கு விலை கொடுத்திருக்கிறார். வாசித்த கைக்குத் தராசில் எடை இல்லையே!

அது ஒரு திருட்டு, அவ்வளவுதான். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. இன்று வட இந்தியக் கல்யாணங்களில் ஷெனாய் ஒலிக்காமல் இல்லை. ஒலிக்கிறது. ஒலிபெருக்கியில்! கேசட் வந்தது, பிறகு சிடி வந்தது, இப்போது செல்போனே போதும். ரிக்கார்டில் வாசிப்பவர் பெரும்பாலும் பிஸ்மில்லா கான்தான். ஊர்வலத்துக்கு பேண்டு வாத்தியம், வாசலுக்கு ரிக்கார்டு. நாட்டிலேயே சிறந்த ஷெனாய் செலவே இல்லாமல் கிடைக்கும்போது, பக்கத்து ஊர் ஷெனாய்க்காரருக்கு யார் கூலி கொடுப்பார்கள்? எந்த வாத்தியத்தை அவர் உயர்த்தினாரோ, அந்த வாத்தியத்தை நம்பிய சாதாரணக் கலைஞர்களுக்கு அவருடைய ரிக்கார்டே போட்டியாகிவிட்டது. இதில் அவர் தவறு எதுவுமில்லை. சந்தை அப்படித்தான் வேலை செய்கிறது. முதல் இடத்தில் இருப்பவரை எல்லா இடத்துக்கும் கொண்டுபோகிறது, இரண்டாவது இடத்தில் இருந்து எல்லோரையும் மறந்துவிடுகிறது.

முற்றிலும் இருட்டு என்றும் சொல்ல முடியாது. ஆண்களே வாசித்துவந்த ஷெனாயைக் கையில் எடுத்து, முதல் பெண் ஷெனாய்க் கலைஞர் என்று பெயர் பெற்ற பாகேஸ்வரி கமர் அவருடைய சிஷ்யை. அவரிடம் பயின்ற எஸ். பாலேஷ் சென்னையில் இருந்து வாசித்தவர். தமிழ்த் திரைப்பாடல்களில் நாம் கேட்கும் ஷெனாயில் அவருடையதும் உண்டு. சங்கீத நாடக அகாதமி 2006ல் இளம் கலைஞர்களுக்காக ஒரு விருதை ஏற்படுத்தி அதற்கு பிஸ்மில்லா கான் பெயரையே வைத்தது. ஆனால் விருது, தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்குத்தான். வாசலில் வாசிப்பவர்களுக்குத் தேவை விருது இல்லை, வேலை.

பிஸ்மில்லா கானுக்கு நினைவு மண்டபம் கட்ட வேண்டும் என்று அவ்வப்போது பேச்சு எழும். கட்டலாம், தப்பில்லை. அதைவிட எளிதாக ஒன்று செய்யலாம். கல்யாண பட்ஜெட் போடுகிறவர்கள் அலங்காரத்துக்கும் வீடியோவுக்கும் எழுதும் தொகைக்குப் பக்கத்தில், நேரில் வந்து வாசிக்கும் ஒரு வாத்தியக்காரருக்கும் ஒரு வரி எழுதலாம். அங்கே ஷெனாய், இங்கே நாதஸ்வரம். பிஸ்மில்லா கானும் அப்படி வாசலில் வாசித்த ஒரு குடும்பத்தில் இருந்து வந்தவர்தான். அந்த வாசலில் ஆள் இருந்தால்தானே அடுத்த பிஸ்மில்லா கான் வருவதற்கு வழி இருக்கும்!